முன்னா, பின்னா?

ஒரு நாளைக்கு முந்நூறு தடவை "முன்" என்றோ "பின்" என்றோ எழுதுவதற்காக யாரும் மருந்தாளர் படிப்புப் படிப்பதில்லை. அவளும் அதற்காகப் படிக்கவில்லை. ஆனாலும் பொது மருத்துவமனையில், மருந்து வழங்கும் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆறு வருடமாக அவள் பார்த்துவந்த வேலையில் பாதி அதுதான்.

காரணம், லேபிள் அச்சடிக்கும் மென்பொருள். அதன் பெயர் சிட்டை. மருந்தின் பெயர், நோயாளியின் எண், காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அச்சடித்துக்கொண்டே வந்து, வரி கொஞ்சம் நீளமாகிவிட்டால் கடைசிச் சொல்லை மட்டும் விழுங்கிவிடும். "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு" என்று லேபிள் நின்றுபோகும். அதற்குப் பிறகு ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் அவள் பேனாவால் முன்னையோ பின்னையோ எழுதிக் கொடுப்பாள். கட்டைவிரல் மூட்டு வீங்கி, பொத்தான் போடக்கூட வலித்தது.

சிட்டை இலவசம். யார் யாரோ தன்னார்வலர்கள், தங்கள் சொந்தப் பிழைப்பு போக மிச்சமிருக்கும் நேரத்தில் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கு விட்டிருந்தார்கள். அதனால் அதைத் திட்ட அவளுக்கு மனசு வந்ததில்லை. சும்மா கிடைத்ததைக் குறை சொல்ல ஒரு கூச்சம் இருக்கிறதல்லவா, அந்தக் கூச்சம்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் ஜன்னலை நெரித்துக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு லேபிளில் எழுத விட்டுப்போயிற்று. கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் மனிதருடைய சர்க்கரை மாத்திரை அது. அச்சில் இருப்பதை அப்படியே நம்புகிறவர் அவர். லேபிளில் ஒன்றும் இல்லாததால் "முன்" என்று தானே முடிவு செய்துகொண்டு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பிட உட்காரும் நேரத்தில் யாரோ அவசரமாக ஒரு கடிகாரத்தை நீட்டினார்கள். அதன்மேல் குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு மேசைமேல் சாய்ந்து கிடந்தாராம்.

இரண்டு நாள் வார்டில் கிடந்து பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வந்து நின்றவர் திட்டவில்லை.

"தப்பு என்னுதும்மா. கேட்டிருக்கணும். லேபிள்லயே போடலையே, எதுக்குக் கேட்கணும்னு இருந்துட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மற்ற லேபிள்களில் எல்லாம் பேனாவால் ஏதோ எழுதியிருக்கிறது, இந்த லேபிளில் மட்டும் எழுதவில்லை. ஆகவே குழப்பத்துக்குக் காரணம் பேனா. அடுத்த காலாண்டின் முதல் தேதியிலிருந்து அச்சடித்த லேபிளின் மேல் எந்த ஊழியரும் கையால் எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. முதல் தேதிக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது.

அவள் கணினிப் பிரிவு அதிகாரியிடம் ஓடினாள். உடைந்த விசைப்பலகைகளை அலமாரி உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த அறை.

"சார், பேனா வைக்கக் கூடாதுன்னா லேபிளையாவது சரி பண்ணிக் குடுங்க. மறுபடியும் ஒருத்தர் விழுந்தா என்னால தாங்க முடியாது."

"பண்ணலாமே. சிட்டையில புதுப் பதிப்பு ஏத்தினா சரியாயிடும். அதுல கடைசிச் சொல்லு வருதாம்."

"அப்ப ஏத்துங்க."

"ஏத்த முடியாதும்மா. அது சோதனைப் பதிப்பு. நம்ம விதிப்படி புதுசா எதை ஏத்தினாலும் நிலையான பதிப்பா இருக்கணும், நம்பர் ஒண்ணுல ஆரம்பிக்கணும். இவங்க பதினோரு வருஷமா பூஜ்ஜியம் புள்ளி ஒன்பதுலயே நிக்கறாங்க."

"இப்ப நம்மகிட்ட ஓடறதும் பூஜ்ஜியம்தானே சார்?"

"அது விதி வர்றதுக்கு முன்னாடியே உள்ள வந்துடுச்சு. அதனால அது நிலையானதுதான்."

படி இறங்கும்போது அதை இரண்டு தடவை யோசித்துப் பார்த்தாள். வேறு மென்பொருள் வாங்கக் கோப்பு அனுப்பியிருக்கிறார்களாம், மூன்று வருடத்தில் வந்துவிடுமாம்.

அன்று மாலையே சிட்டைக்காரர்களின் இணையதளத்தில் புகார் எழுதினாள். நாலு நிமிடத்தில் பதில் வந்தது. இத்தனை சுறுசுறுப்பான ஆட்களா என்று அவளுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. "புகாருக்கு நன்றி. இது 212ஆம் புகாரின் நகல். 212ஆம் புகார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்கப்பட்டது. ஆகவே இதை மூடுகிறோம்."

எங்கே தீர்ந்தது என்று கேட்டாள். சோதனைப் பதிப்பில் தீர்ந்தது என்றார்கள். நிலையான பதிப்பு எப்போது வரும் என்று கேட்டாள். "தயாரானதும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பத்தொன்பது பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். இருபதாவது ஆள், "எப்போது" என்ற சொல் தன்னார்வலர்களுக்கு மன அழுத்தம் தரக்கூடியது என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டி, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நேரில் வரும்படி அழைத்திருந்தார்.

கூட்டம் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் நடந்தது. சுவர் நிறையச் சாலைக் குறியீடுகளின் படங்கள். "நில்" என்ற சிவப்புப் பலகைக்குக் கீழே இருபது நாற்காலி, பதினான்கு பேர். வெள்ளைப் பலகையில் "பதிப்பு 1, இந்த ஆண்டு" என்று எழுதியிருந்தது. எந்த ஆண்டு என்று இல்லை. அழியாத மையில் எழுதிவிட்டதால் யாராலும் அழிக்க முடியவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டாள்.

வாசலிலேயே ஒருவர் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். நெடுநெடு உயரம், இஸ்திரி கலையாத சட்டை. நடைமுறைகளை வகுப்பது அவர் பொறுப்பு என்பதால் எல்லாரும் அவரைக் கொள்கைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

"பங்களிப்பாளர் சம்மதப் படிவம். ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்துப் போடுங்க."

"நான் எதுவும் பங்களிக்க வரலைங்க. ஒண்ணு கேட்கத்தான் வந்தேன்."

"கேள்வியும் பங்களிப்புதான். நாளைக்கு உங்க கேள்வி எங்களுக்குச் சொந்தமா உங்களுக்குச் சொந்தமான்னு ஒரு வழக்கு வந்தா என்ன பண்றது?"

போட்டாள். கேள்வியைச் சொந்தம் கொண்டாட அவளுக்கு உத்தேசம் இல்லை.

கூட்டத்தின் முதல் அம்சம், கூட்டத்தைக் கூட்டம் என்று அழைப்பது சரியா என்பது. ஒன்றரை மணி நேரம் கழித்து, அடுத்த கூட்டம்வரை அதைக் கூட்டம் என்றே அழைப்பதென்று ஒத்திவைத்தார்கள். அப்புறம்தான் அவளுக்குப் பேச வாய்ப்பு வந்தது.

"ஒண்ணாம் பதிப்புக்கு இன்னும் எவ்வளவு வேலை பாக்கி?"

மூலையிலிருந்து களைத்துப்போன ஒரு குரல் வந்தது. "பதினோரு பிழை."

சிட்டையை முதன்முதலில் எழுதியவர் அவர். குடிநீர் அலுவலகத்தில் பில் போடுகிற வேலை. காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை எல்லாரும் தலை என்றார்கள். அவர் சொல்வதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"பதினொண்ணுதானா? வாரத்துக்கு ஒண்ணுன்னு தீர்த்தாலே எங்க முதல் தேதிக்குள்ள வந்துடுமே," என்றாள் அவள்.

கொள்கைக்காரர் எழுந்தார்.

"நீங்க புதுசு, அதனால சொல்றேன். இங்க யாரும் யாருக்கும் வேலை கொடுக்க முடியாது. அதுதான் எங்க சுதந்திரம். ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிச்சதைச் செய்வாங்க. அந்தப் பதினோரு பிழையையும் யாருக்கும் பிடிக்கலை. பிடிக்காத வேலையை ஒருத்தர் செஞ்சா அதுக்குப் பேரு உத்தியோகம். நாங்க உத்தியோகம் பார்க்கிறவங்க இல்லை. பதினோரு வருஷமா இந்தக் கொள்கையை விட்டுக்கொடுக்காம காப்பாத்தியிருக்கோம்."

கைத்தட்டினார்கள்.

"அப்ப பிடிக்காத வேலையை யாருங்க செய்வாங்க?"

"அதைப் பிடிச்ச ஒருத்தர் ஒரு நாள் வருவார்," என்றார் கொள்கைக்காரர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பரவசமே தெரிந்தது.

அதற்குள் ஒருவர், பாட்டில் மூடியில் ஒட்டுவதற்காக எழுத்துகளை வட்டமாக அச்சடிக்கும் வசதியைச் செய்து கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்து வாய் ஓயாமல் பாராட்டினார்கள். கூட்டம் கலையும்போது பிழை பதினான்கு ஆகியிருந்தது.

வீட்டில் கதையைச் சொன்னபோது அவள் கணவன் சிரித்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் ஸ்குருவில் ஆரம்பித்து ஸ்குருவில் முடிப்பவன்.

"நான் ஒரு வீட்டுல ஃபிரிட்ஜைப் பிரிச்சா, திரும்ப மாட்டி, குளிருதான்னு கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். பாதியில பிரிச்சுப் போட்டுட்டு, ‘எனக்கு இதுக்கு மேல பிடிக்கலைங்க’ன்னு வந்தா விடுவாங்களா?"

"நீ காசு வாங்கறே. அவங்க சும்மா செய்யறாங்க."

"அதான் யாரும் கேட்க முடியலை," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீதான் போய்ச் செஞ்சு பாரேன். உனக்குத்தான் சும்மா எழுதிப் பழக்கமாச்சே," என்று அவள் கட்டைவிரலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான்.

அவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் பிடிக்காத வேலையைச் செய்யத் தெரியும். மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தது. சனிக்கிழமைதோறும் போய், அந்த மாடியில் இருந்த பழைய அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு வகை லேபிளாக அடித்து, அளவுகோல் வைத்துப் பார்த்து, எது எங்கே கோணலாக வருகிறது என்று நோட்டில் எழுதித் தலையிடம் கொடுத்தாள். இப்படி யாராவது கையில் கொடுத்துவிட்டால் தலை சரிசெய்துவிடுவார். சில பிழைகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை ஏன் இத்தனை வருஷமா பண்ணலை?" என்று ஒரு முறை கேட்டுவிட்டாள்.

"எந்த இடத்துல தப்புன்னு தெரிஞ்சா பண்ணலாம். ‘லேபிள் சரியில்லை, கேவலமா இருக்கு’ன்னு மட்டும் வருஷத்துக்கு நானூறு பேர் எழுதுவாங்க. அதைப் படிச்சுட்டு, வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிட்டு, மறுபடி உட்கார மனசு வராதுங்க." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பில் தொகையை வாசிப்பது போலச் சொன்னார். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது.

ஐந்தாவது சனிக்கிழமை பிழை நாலாகக் குறைந்தது. அன்று அவள் கை கழுவப் போய்த் திரும்புவதற்குள் அவளை வெளியீட்டு ஒருங்கிணைப்பாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அறையில் இல்லாதவரைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே வழக்கமாம். இருப்பவர்கள் மறுத்துவிடுகிறார்கள்.

ஆறாவது வாரம், வங்கி ஒன்றில் வேலைபார்க்கும் கணினிப் பொறியாளர் ஒருத்தி எழுந்து நின்றாள். கெட்டிக்காரி. சிட்டை முழுவதையும் ஒரு புதிய கணினி மொழியில் அடியிலிருந்து திரும்ப எழுதிவிட்டதாக அறிவித்தாள். ஒரு நொடியில் நாற்பதாயிரம் லேபிளைக் கணக்கிடுமாம்.

"எங்க ஜன்னல்ல ஒரு நாளைக்கு முந்நூறு பேருதாங்க வருவாங்க. சரி, ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க," என்றாள் அவள்.

"அச்சடிக்கறது இன்னும் சேர்க்கலை. அது சின்ன வேலை. யாராவது பண்ணிடுவாங்க."

அச்சடிக்காத லேபிள் மென்பொருளை ஏற்பதா வேண்டாமா என்று இரண்டு சனிக்கிழமை விவாதித்தார்கள். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதையே ஒன்றாம் பதிப்பாக வெளியிடலாம் என்று ஐந்து பேர் சொன்னார்கள். வாக்கெடுப்பில் ஏழுக்கு ஏழு, அதனால் பழையதே தொடர்ந்தது. தலை தன் வாக்கை எந்தப் பக்கம் போட்டார் என்று கேட்டபோது, அப்போது தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

ஒன்பதாவது வாரம் பிழை ஒன்றுமே இல்லை. அவள் நோட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள், இல்லை. சந்தோஷமாகச் சொன்னாள். யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கொள்கைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணுன்னு போடறது ஒரு வாக்குறுதி. பூஜ்ஜியம்ங்கறது அடக்கம். நாம அடக்கமான இயக்கம். திடீர்னு ஒரு நாள் எழுந்து ‘நாங்க ஒண்ணு’ன்னு சொன்னா அது ஆணவம் இல்லையா? பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது ஒன்பதுன்னு போடலாமே. ஒண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டோம்னும் தெரியும், வந்து சேரலைங்கற கண்ணியமும் இருக்கும்."

இதற்கும் கைத்தட்டினார்கள். அவள் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே பயிற்சிக் கார் ஒன்று பின்னுக்கு வருவதும் நின்றுபோவதுமாக இருந்தது. இன்னும் மூன்று வாரம். முதல் தேதி ஜன்னலில் வந்து நிற்கப்போகிற கடிகாரக்காரரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

சற்று நேரத்தில் தலை காய்கறிப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் இது வர்றதுல இஷ்டம் இல்லையா?" என்று கேட்டாள்.

அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பயம்ங்க. பூஜ்ஜியமா இருக்கற வரைக்கும் ஏதாவது தப்பானா, ‘இன்னும் முடியலை, நாங்கதான் சொன்னோமே’ன்னு சொல்லிடலாம். ஒண்ணுன்னு போட்டுட்டா, எங்கயோ ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது என்மேல. சம்பளம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை, ஆனா பழி மட்டும் என்னுது. யாருங்க தைரியமா வருவா?"

"ஏற்கெனவே ஒருத்தருக்கு ஆயிடுச்சு," என்றாள்.

கடிகாரக்காரர் கதையைச் சொன்னாள். பூதக்கண்ணாடியைச் சொன்னாள். தப்பு என்னுதும்மா என்று அவர் சொன்னதையும் சொன்னாள். "பூஜ்ஜியம்னு போட்டிருந்தது அவருக்குத் தெரியாதுங்க. லேபிள்ல அது வராது."

தலை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீரைக்கட்டைப் பைக்குள் அழுத்தி வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பதினோரு வருடத்தில் முதல்முறையாக உரக்கப் பேசினார். "மூணாவது சனிக்கிழமை ஒண்ணு வெளியாகுது. பிடிக்காதவங்க வீட்டுக்குப் போகலாம்." யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆணையிட்டதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் மட்டும் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வெளியீட்டுக்கான சரிபார்ப்பு வேலைகளைக் கொள்கைக்காரர் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. அவள் கடைசியாக ஒரு லேபிளை அடித்துப் பார்த்தாள். "சாப்பாட்டுக்குப் பின்" என்று முழுசாக வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சொன்ன சனிக்கிழமை சிட்டையின் ஒன்றாம் பதிப்பு வெளியாயிற்று. கொள்கைக்காரர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்தப் பதிப்பு மக்களுக்காக," என்று முடித்தார். நன்றிப் பட்டியலில் அவள் பெயர் எட்டாவது இடத்தில் இருந்தது. ஏழாவது இடம், வட்டமாக அச்சடிக்கிறவருக்கு. கூட்டத்தைப் படம்பிடித்தார்கள், படத்தில் தலை கண்ணை மூடியபடி இருந்தார்.

திங்கட்கிழமை கணினிப் பிரிவு அதிகாரி எதையும் சோதிக்கவில்லை. "நிலையானதுன்னு போட்டிருக்கா? ஒண்ணுல ஆரம்பிக்குதா? போதும்," என்று ஏற்றிவிட்டார். அவள் ஜன்னலைத் திறப்பதற்குமுன் ஒரு லேபிள் அடித்தாள்.

"காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு."

இன்னொன்று அடித்தாள். பக்கத்து ஜன்னலிலும் அடிக்கச் சொன்னாள். எங்கும் அதே வெற்றிடம், அதே ஒரு விரல் அகலம்.

போன் போட்டபோது கொள்கைக்காரர்தான் எடுத்தார்.

"ஆமாம், அந்தத் திருத்தத்தை எடுத்துட்டோம். ஒண்ணாம் பதிப்புல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதினவரோட சம்மதப் படிவம் இருக்கணும். அந்த 212ஆம் திருத்தத்தை எழுதினவர் படிவம் வர்றதுக்கு முன்னாடி இருந்தவர். மூணு கடிதம் போட்டோம், பதில் இல்லை. சம்மதம் இல்லாத வரியை வச்சுக்கிட்டு நாங்க எப்படி நிலையானவங்கன்னு சொல்லிக்க முடியும்?"

"அந்த ஒரு சொல்லுக்காகத்தாங்க நான் மூணு மாசமா வந்தேன்."

"உங்க உழைப்பை இயக்கம் மறக்காது. அதான் பட்டியல்ல போட்டிருக்கோமே."

"தலைக்குத் தெரியுமா?"

"அவர் விலகிட்டார். மூணு மாசம் ஓய்வாம். பாவம், ஆணையெல்லாம் போட்டாரு பாருங்க, உடம்புக்கு ஒத்துக்கலை."

முதல் தேதிக்கு ஒரு நாள்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடப் போகவில்லை. கடைத்தெருவில், கடிகாரக்காரர் கடைக்கு எதிரில், ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர் ஒருவர் இருந்தார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்குமேல் ஒரு தார்ப்பாய்.

"என்ன எழுத்தும்மா?"

"ஒண்ணுல முன். இன்னொண்ணுல பின். ஒரு விரல் அகலத்துக்குள்ள வரணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. படிவம் நீட்டவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டையும் செய்து, தாளில் ஒரு தரம் குத்திக் காட்டி, "சரியா இருக்கா பாருங்க," என்றார். சரியாக இருந்தது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது, அழவில்லை.

கணினிப் பிரிவு அதிகாரி சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்தார். "கையால எழுதக் கூடாதுன்னுதான் இருக்கு. ஸ்டாம்ப் குத்தக் கூடாதுன்னு இல்லை." ஊதா நிற மையில் குத்திய லேபிளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான் அலுவலக மாதிரி இருக்கு," என்று மெச்சவும் செய்தார்.

மறுநாள் கடிகாரக்காரர் வந்தார். லேபிளைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாக வாசித்தார். "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப்... பின்." தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆபீஸ்ல சரி பண்ணிட்டாங்க போல."

"ஆமாங்க. பண்ணிட்டாங்க," என்றாள்.

அந்த நிம்மதியில்தான் அவள் ஒரு தப்பு செய்தாள். தன்னைப் போல வேறு எந்த ஜன்னலிலோ ஒருத்தி கை வலிக்க உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, ஸ்டாம்ப் குத்திய லேபிளைப் படமெடுத்து, "தற்காலிகமாக இப்படிச் செய்யலாம்" என்று சிட்டையின் இணையதளத்தில் போட்டுவைத்தாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 212ஆம் திருத்தத்தை எழுதியவரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அவர் வேலை மாறி, ஊர் மாறி, பழைய முகவரியையே பார்க்காமல் இருந்தாராம். மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஆகவே அந்தத் திருத்தம் அடுத்த பதிப்பில் வர எந்தத் தடையும் இல்லை.

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கடிதத்துக்கு இரண்டாம் பத்தி இருந்தது.

"எனினும், பரிசீலனையின்போது ஒரு முக்கியமான செய்தி தெரியவந்தது. ஒரு பொது மருத்துவமனை, வரியின் இறுதியில் வரும் வெற்றிடத்தில் முத்திரை குத்திப் பயன்படுத்திவருகிறது (இணைப்பு: படம்). திருத்தத்தை ஏற்றால் அந்த வெற்றிடம் மறைந்து, அவர்களுடைய பணி பாதிக்கப்படும். நிலையான பதிப்பை நம்பும் எந்தப் பயனரையும் கைவிடுவதில்லை என்பது நமது வாக்குறுதி. ஆகவே ஒரு விரல் அகல வெற்றிடம் இனி சிட்டையின் நிரந்தர அம்சமாக அறிவிக்கப்படுகிறது. இதைச் சுட்டிக்காட்டிய தங்களுக்கு நன்றி."

"அந்த மருத்துவமனை நான்தான். எனக்கு வெற்றிடம் வேண்டாம்," என்று அவள் பதில் எழுதினாள். நாலு நிமிடத்தில் மறுபதில் வந்தது. தனிப்பட்ட ஒருவரின் விருப்பத்துக்காக ஒரு மருத்துவமனையின் நலனை விட்டுக்கொடுக்க இயலாது என்றும், வேண்டுமானால் புதிய புகாராகப் பதியலாம் என்றும்.

அவள் பதியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல்வரை நின்றிருந்தது. "பின்" ஸ்டாம்பின் ரப்பர் ஓரம் தேய்ந்து, குத்தினால் பாதி எழுத்து மங்கலாக விழுந்தது. கடிகாரக்காரர் வருகிற நாள் வேறு நெருங்கியிருந்தது. மதியம் கடைத்தெருவுக்குப் போய் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். ஸ்டாம்ப்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா உழைச்சிருக்குது. புதுசு ஒரு செட்டுப் போடட்டுமா?"

"ஒரு செட்டுப் பத்தாதுங்க," என்றாள் அவள். "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு வருஷம் இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுக் குடுங்க."